உங்கள் கடிதத்துக்குப் பூட்டு உண்டு. சாவி யார் கையில்?

அந்தமானில் ரயில் கிடையாது. சென்னையில் இருந்து கப்பல் ஏறினால் போர்ட் பிளேர் போய்ச் சேர ஏறக்குறைய 3 நாள் ஆகும். ஊருக்கு எழுதும் கடிதம் கடல் தாண்டித்தான் போக வேண்டும். "கடிதம் போய்ச் சேர்ந்ததோ, இல்லையோ" என்பதுதான் அந்தக் காலத்துக் கவலை.

இன்று அந்தக் கவலை இல்லை. செல்போனில் விரல் வைத்த மாத்திரத்தில் செய்தி ராமநாதபுரம் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக இன்னொரு கவலை வந்திருக்கிறது. போகிற வழியில் அதை யார் யார் படிக்கிறார்கள்?

ஜங்லிகாட் என்பது போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி. மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும் இறங்குதுறை இங்கே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் கலந்து ஒலிக்கும் இடம். (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. எல்லோருக்கும் பழகிய பெயரே இக்கட்டுரையில் எழுதப்படுகிறது.)

இங்கு பிழைக்க வந்த மீன்பிடித் தொழிலாளி, கொத்தனார், கடைச் சிப்பந்தி, அலுவலக குமாஸ்தா ஆகியோரின் செல்போனில் என்ன இருக்கும்? ஊருக்கு அனுப்பிய பணத்தின் ரசீது இருக்கும். பாங்கி பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம் படமாக இருக்கும். ஆதார் அட்டை, மகளின் மதிப்பெண் பட்டியல், தாயாரின் மருத்துவச் சீட்டு, மனைவியோடு நடந்த மனத்தாங்கல், பிறகு வந்த சமாதானம் எல்லாம் இருக்கும்.

ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் மானமும், மாதச் சம்பளமும் அதற்குள் இருக்கின்றன.

இவற்றைக் காப்பதற்கு ஒரு பூட்டு உண்டு. கம்ப்யூட்டர் துறையினர் அதை 'என்கிரிப்ஷன்' என்கிறார்கள். தமிழில் 'குறியாக்கம்'. பழைய தந்தி ஆபீஸ் பாஷையில் சொன்னால் சங்கேதம். அந்தப் பூட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்து வைத்துக்கொள்வது சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

கடலுக்கு அடியில் ஒரு கம்பி

அந்தமானுக்குச் செய்தி முதலில் ஆகாய மார்க்கமாகத்தான் வந்தது. 1905-ல் போர்ட் பிளேருக்கும், பர்மா கரையோரம் உள்ள டைமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அமைக்கப்பட்டது. பின்னர் செயற்கைக்கோள் வந்தது. 2020 வரை இத்தீவுகளின் இன்டர்நெட் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. ஒரு படம் இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்லும்படியான வேகம்.

2018 டிசம்பர் 30-ந் தேதி கடலடி கேபிள் திட்டத்துக்கு போர்ட் பிளேரில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2020 ஆகஸ்டு 10-ந் தேதி அது திறக்கப்பட்டது. சென்னையில் புறப்படும் இந்த கேபிள் போர்ட் பிளேர், ஹேவ்லக் (ஸ்வராஜ் தீவு), லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களை இணைக்கிறது. நீளம் சுமார் 2,300 கிலோ மீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய்.

கேபிளின் உள்ளே இருப்பது தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. அதில் ஒளியாகத்தான் செய்தி ஓடுகிறது. கடலுக்கு அடியில் கிடக்கும் கம்பியை யார் வந்து ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று தோன்றலாம்.

2013-ல் அமெரிக்க உளவுத் துறையில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின. கடலடி கேபிள்களில் ஓடும் செய்திகளைப் பிரிட்டிஷ் உளவு நிறுவனம் மொத்தமாக அள்ளிச் சேமித்தது அதில் தெரியவந்தது. அந்தத் திட்டத்தின் பெயர் 'டெம்போரா'. உலகத்தின் பெரிய இன்டர்நெட் கம்பெனிகள் தங்கள் செய்திகளுக்கு அவசர அவசரமாகப் பூட்டுப் போடத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வயர்லெஸ் ஆனாலும் சரி, கேபிள் ஆனாலும் சரி, பாதையைக் காவல் காத்து முடியாது. பாதையில் போகும் செய்தியைத்தான் பூட்ட வேண்டும்.

கார்டும் இன்லண்டும்

இந்தியாவில் தபால் கார்டு 1879-ல் வந்தது. மலிவு. ஆனால் தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே நம் பெரியவர்கள் "நலம், நலமறிய ஆவல்" என்பதைக் கார்டில் எழுதினார்கள். கடன் விவகாரத்தையும் கல்யாணப் பேச்சையும் இன்லண்டில் எழுதி ஒட்டினார்கள். எதை எதில் எழுதுவது என்ற விவரம் எழுத்தறியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இமெயில் என்னும் மின்னஞ்சல் பிறந்தபோது அது தபால் கார்டாகத்தான் பிறந்தது. போகும் வழியில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் அதை அப்படியே படிக்கலாம். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக உறை போடப்பட்டது. ஜிமெயில் 2010-ல்தான் தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும், செல்போனில் அல்லது கம்ப்யூட்டரில் இருந்து தன் நிலையம் வரையிலான பாதைக்குத் தானாகவே பூட்டுப் போட்டது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரயில் பார்சலை வைத்து அதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம்.

மதுரையில் இருந்து சென்னைக்கு ஒரு பார்சல் போகிறது. பார்சல் வண்டியின் கதவு பூட்டப்பட்டிருக்கிறது. ஓடுகிற வண்டியில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் வழியில் ஓர் ஊரில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றும்போது, வண்டியின் கதவு திறக்கிறது. பார்சல் ஆபீசில் இருப்பவர் நினைத்தால் மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம்.

சாதாரண இமெயிலின் நிலை இதுதான். பாதையில் பூட்டு உண்டு. ஆனால் இமெயில் கம்பெனியின் நிலையத்தில் சாவி அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. கம்பெனி நினைத்தால் படிக்கலாம். சட்டப்படி அரசு கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். திருடன் அந்த நிலையத்துக்குள் புகுந்தால் அள்ளிக்கொண்டு போகலாம்.

இன்னொரு முறை உண்டு. அனுப்புகிறவர் தம் வீட்டிலேயே பெட்டியைப் பூட்டிவிடுகிறார். சாவி வாங்குகிறவரிடம் மட்டுமே இருக்கிறது. பார்சல் ஆபீஸ், கார்டு, போர்ட்டர் எல்லோரும் விலாசத்தை மட்டும்தான் பார்க்க முடியும். இதற்குத்தான் 'எண்ட் டு எண்ட்' குறியாக்கம் என்று பெயர். ஒரு முனையில் பூட்டி, மறு முனையில்தான் திறப்பது. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலில் இருந்து எல்லோருக்கும் இந்த முறை வந்தது.

திண்டுக்கல் பூட்டு

"சாவி வாங்குகிறவரிடம் மட்டும் இருக்கிறது என்றால், அனுப்புகிறவர் எப்படிப் பூட்டினார்? சாவியை முதலில் அனுப்பி வைக்க வேண்டாமா? அந்தச் சாவி வழியில் திருடு போகாதா?"

நியாயமான கேள்வி. பல நூற்றாண்டுகளாக ரகசியச் செய்தி அனுப்பிய ராஜாக்களும் தளபதிகளும் இந்த இடத்தில்தான் திணறினார்கள்.

விடை திண்டுக்கல் பூட்டில் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. ஜங்லிகாட்டில் இருக்கும் ஒருவர், திறந்த நிலையில் உள்ள ஒரு பூட்டை ஊரில் உள்ள மனைவிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் தம் இடுப்பிலேயே முடிந்து வைத்துக்கொள்கிறார். மனைவி கடிதத்தைப் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அமுக்கிவிட்டால் போதும். பூட்டுவதற்குச் சாவி வேண்டாம். ஒரு தடவை பூட்டிய பிறகு மனைவியாலும் அதைத் திறக்க முடியாது. கணவரின் இடுப்பில் உள்ள சாவிதான் திறக்கும். வழியில் பூட்டைப் பார்த்தவனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

இந்த யோசனையை 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் அதைக் கணக்காகச் செய்து காட்டினார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து 'ஆர்.எஸ்.ஏ.' என்று அந்த முறைக்குப் பெயர் வந்தது.

இரும்புக்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்தியது எண். 83-ஐ 97-ஆல் பெருக்கினால் 8,051. பள்ளிப் பிள்ளை ஒரு நிமிடத்தில் போட்டுவிடும். ஆனால் 8,051-ஐ மட்டும் கொடுத்து, "எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் இது வரும்?" என்று கேட்டால் நேரம் பிடிக்கும். அசல் பூட்டில் இந்த எண் 600 இலக்கங்களுக்கு மேல் நீண்டிருக்கும். பெருக்குவது இயந்திரத்துக்கு ஒரு நொடி வேலை. அதைப் பிரித்தெடுக்க இன்றுள்ள கம்ப்யூட்டர்களுக்கு மனித ஆயுள் போதாது. பெருக்கின எண்தான் எல்லோருக்கும் கொடுக்கும் பூட்டு. உள்ளே மறைந்த இரண்டு எண்களில்தான் சாவி இருக்கிறது.

இதே முறையில் முத்திரையும் வைக்கலாம். சரக்கு வேகனுக்கு ஈய சீல் வைப்பது எதற்கு? வழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று தெரிவதற்கு. அதுபோல, இந்தக் கடிதத்தை எழுதியவர் இன்னார்தான், நடுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று காட்டும் சீல் உண்டு. அதற்கு 'டிஜிட்டல் கையொப்பம்' என்று பெயர். பூட்டு படிக்கவிடாது. சீல் திருத்தவிடாது. இரண்டும் வேறு வேறு வேலை.

இமெயிலுக்கு இந்தப் பூட்டைச் சாமானியரும் போடும்படி 1991-ல் ஃபில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் 'பி.ஜி.பி.' என்ற புரோகிராமை இலவசமாக வெளியிட்டார். அது கடல் கடந்து பரவியது. ஆயுதம் ஏற்றுமதி செய்வது போன்ற குற்றமா இது என்று அமெரிக்க அரசு அவர் மீது விசாரணை நடத்தியது. 1996-ல் வழக்குத் தொடராமலே விசாரணை கைவிடப்பட்டது. பி.ஜி.பி. இன்றும் இருக்கிறது. பத்திரிகையாளர்களும் கம்ப்யூட்டர் துறையினரும் பயன்படுத்துகிறார்கள். பூட்டையும் சாவியையும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் அது பொதுமக்களிடம் பரவவில்லை.

தமிழில் பெயர் வைத்த 'அரட்டை' செயலியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ நிறுவனத்தின் தயாரிப்பு அது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திடீரென்று லட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். "எழுத்துச் செய்திக்கு முனைக்கு முனை பூட்டு உண்டா?" என்ற கேள்வி உடனே எழுந்தது. அப்போது பேச்சுக்கும் வீடியோவுக்கும்தான் அது இருந்தது. அதன் பிறகே இருவர் தனித்துப் பேசும் எழுத்துச் செய்திக்கும் பூட்டு வந்தது. பெயர் நம்முடையது என்பதோடு நிற்காமல் பூட்டையும் கேட்டார்களே, அது நல்ல அடையாளம்.

உறையின் மேல் எழுதியது

பூட்டிய பெட்டியிலும் விலாசம் வெளியே தெரியும். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து அனுப்பினார் என்பது அந்தக் கம்பெனியின் ஏட்டில் இருக்கும். குற்றம் துப்புத் துலக்கும் போலீசாருக்கு அதுவே பெரிய உதவி.

அந்தமானிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2024 நவம்பரில் பேரன் தீவு அருகே மியான்மர் நாட்டவர் 6 பேருடன் வந்த ஒரு படகைக் கடலோரக் காவல் படை மடக்கியது. அதில் சுமார் 6,000 கிலோ மெத் என்ற போதைப் பொருள் இருந்தது. செயற்கைக்கோள் மூலம் இன்டர்நெட் தரும் 'ஸ்டார்லிங்க்' கருவி ஒன்றும் அகப்பட்டது. அந்தமான் போலீசார் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். இந்தக் கருவியை வாங்கியவர் யார், எப்போது வாங்கினார், எங்கெங்கே பயன்படுத்தினார் என்று விவரம் கேட்டார்கள்.

கடத்தல்காரனும் கருவி வைத்திருக்கிறான் என்பது உண்மை. போலீசாரின் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். எல்லாம் உறையின் மேல் எழுதியிருக்கும் விவரங்கள். ஊரார் வீட்டுப் பூட்டை எல்லாம் உடைக்காமலே துப்புத் துலக்க வழி உண்டு என்பதை இது காட்டுகிறது.

சென்னை ஐகோர்ட்டில் நடந்த வழக்கு

"போலீசார் கேட்டால் பூட்டைத் திறந்து காட்ட வழி வேண்டும்" என்ற விவாதம் நம் சென்னை ஐகோர்ட்டிலேயே நடந்தது.

2018-ல் இரண்டு மனுக்கள் தாக்கல் ஆயின. இமெயில் கணக்கோ, சமூக வலைத்தளக் கணக்கோ தொடங்கும்போது ஆதார் அல்லது வேறு அரசு அடையாளச் சான்றைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. இன்டர்நெட்டில் அவதூறும் மிரட்டலும் பெருகிவிட்டன என்பது காரணம். விசாரணை போகப்போக, வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தியை முதலில் கிளப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்குத் திரும்பியது.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி.காமகோடி, முடியும் என்றார். முதலில் அனுப்பியவரின் விவரத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்பது அவருடைய யோசனை. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். குற்றவாளி அதைச் சுலபமாக ஏமாற்றிவிடுவான், அப்பாவிதான் மாட்டுவார் என்பது அவருடைய வாதம். 2019 அக்டோபரில் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. கோர்ட்டோ, சட்டப்படி அதிகாரம் பெற்றவரோ உத்தரவிட்டால், கடுமையான குற்றங்களில் முதலில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்கப் பெரிய செயலிகள் வசதி செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இதை எதிர்த்து அதே ஆண்டு மே மாதம் வாட்ஸ்அப் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. "பூட்டை உடைக்கச் சொன்னால் நாங்கள் இந்த நாட்டை விட்டே போக வேண்டியதுதான்" என்ற பொருளில் அதன் வக்கீல் 2024 ஏப்ரலில் வாதாடினார்.

இந்தச் சண்டை தமிழ்த் தொழிலாளிக்கு எதற்கு என்று கேட்கக் கூடாது. 2018-ல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு முதிய பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். வெளி மாநிலங்களிலும் பல உயிர்கள் போயின. பல இடங்களில் அடிபட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். புது முகம், புது பாஷை என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. பிழைக்கப் போன இடத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும்.

அப்போது வாட்ஸ்அப் பூட்டில் கை வைக்கவில்லை. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. வேகம் குறைந்தது. பூட்டும் பிழைத்தது.

சிறைக் கடிதம்

கடிதத்தை அதிகாரி படித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள், ஜங்லிகாட்டில் இருந்து அதிக தூரம் போக வேண்டாம். அதே ஊரில் செல்லுலார் ஜெயில் இருக்கிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையில், அரசியல் கைதிகளுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம்தான் அனுமதி. அதையும் அதிகாரிகள் படித்துப் பார்த்த பிறகே அனுப்புவார்கள். எழுதுகிறவர் மனைவிக்கு எழுதும்போதும் அதிகாரியை நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் இத்தீவுகளைப் பிடித்தார்கள். எதிரிக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்ற சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1944 ஜனவரி 30-ந் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சுதந்திர இந்தியாவின் நிலை வேறு. டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்பது தனி வாழ்வுரிமையைப் பாதிக்கும், அதற்கு முறையான உத்தரவு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் சொன்னது. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி 9 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அரசுக்கு அதிகாரமே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அஞ்சல் சட்டத்திலும், குறிப்பிட்ட காரணங்களுக்காகச் செய்தியை இடைமறிக்க வழி இருக்கிறது. காரணமும் உத்தரவும் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு வேண்டும் என்பதுதான் கோர்ட்டுத் தீர்ப்புகளின் சாரம்.

திருடன் பூட்டை உடைப்பதில்லை

இனி அன்றாட விஷயத்துக்கு வருவோம். தொழிலாளியின் பணத்தைத் திருடுகிறவன் 600 இலக்க எண்ணைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

"பாங்கியில் இருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு முடங்கிவிட்டது, வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்பான். அந்த எண்தான் சாவி. எந்த பாங்கியும் டெலிபோனில் அதைக் கேட்காது. எஸ்.எம்.எஸ்.சுக்கு முனைக்கு முனை பூட்டு கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பாங்கி விவரத்தை எஸ்.எம்.எஸ்.சில் எழுதி அனுப்புவது கார்டில் எழுதுவது போலத்தான்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் 'ஏ.பி.கே.' என்று முடியும் ஒரு ஃபைல் வாட்ஸ்அப்பில் வரும். அது பத்திரிகை அல்ல, புரோகிராம். தொட்டு அனுமதி கொடுத்துவிட்டால் செல்போனுக்குள் புகுந்து, வரும் ஓ.டி.பி.களைத் தானே படித்துக்கொள்ளும். பூட்டிய பெட்டியைத் திறந்து நீங்கள் படிக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல. பெரிய அளவிலும் இதே வித்தைதான். 'பெகாசஸ்' என்ற உளவு புரோகிராம் சுமார் 1,400 பேரின் செல்போன்களைக் குறிவைத்ததாக 2019-ல் வாட்ஸ்அப் அறிவித்தது. அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். அங்கும் பூட்டு உடையவில்லை. செல்போனுக்குள்தான் ஆள் புகுந்தான்.

இணையதள முகவரியில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று இருந்தால் நம்பலாம் என்று சிலர் சொல்வார்கள். பாதை பூட்டியிருக்கிறது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. மோசடிக்காரனும் அதை வாங்கி மாட்டிக்கொள்கிறான். இந்தக் குழப்பம் காரணமாகவே கூகுளின் குரோம் 2023-ல் முகவரி ஓரத்தில் இருந்த பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

ஆதார் அட்டையை இன்டர்நெட்டில் இறக்கினால் அது பூட்டிய ஃபைலாகத்தான் வரும். பாஸ்வேர்டு என்ன? ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும். நாடு முழுவதும் அதே சூத்திரம். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். ஆகவே பூட்டியிருக்கிறதே என்று கண்டவருக்கும் அனுப்ப வேண்டாம். முதல் 8 இலக்கம் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' கிடைக்கிறது. போதுமான இடத்தில் அதையே கொடுக்கலாம்.

செய்ய வேண்டியவை

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தை மாதம் ஒரு தடவை பாருங்கள். நமக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அதில் இருந்தால் உடனே நீக்குங்கள். 6 இலக்க ரகசிய எண் வைக்கும் 'டூ ஸ்டெப்' வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இமெயிலுக்கும் அதே போன்ற இரட்டைத் தாழ்ப்பாள் உண்டு.

வாட்ஸ்அப் செய்திகளை இன்டர்நெட்டில் நகல் எடுத்து வைக்கிறவர்கள், அந்த நகலுக்குத் தனியாகப் பூட்டுப் போட வேண்டும். அந்த வசதி 2021-ல் வந்தது. தானாக விழாது, நாம்தான் போட வேண்டும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிடக் கூடாது.

பணம் அனுப்பும் முன், "அவசரம், புது நம்பர், இதில் போடு" என்று சொந்தக்காரர் பெயரில் செய்தி வந்தால், குரலைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு தொடர்புக்கும் 60 இலக்கம் கொண்ட பாதுகாப்பு எண் உண்டு. ஊருக்குப் போகும்போது மனைவியின் போனையும் நம் போனையும் பக்கத்தில் வைத்து அது ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், நடுவில் ஆள் இல்லை என்பது உறுதி.

பிரவுசிங் சென்டரில் இமெயிலைத் திறந்து ஆதாரோ, சம்பளச் சீட்டோ பிரிண்ட் எடுப்பவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும். பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இறக்கிய ஃபைலை அழிக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் 'லாக் அவுட்' செய்ய வேண்டும்.

"டெல்லி போலீஸ் பேசுகிறோம், உங்களை வீடியோவிலேயே கைது செய்கிறோம்" என்று மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் திருடனின் கணக்கில் இருந்து வெளியேறும் முன் முடக்க அது உதவும். வெட்கப்பட்டு மறுநாள் வரை யோசித்துக்கொண்டிருந்தால் பணம் பல கணக்குகள் மாறிவிடும். மொழி தெரியாத ஊர் என்றால் பக்கத்தில் உள்ள தெரிந்தவரை வைத்துக்கொண்டாவது பேச வேண்டும்.

ஒரு காலத்தில் சங்கேதம் என்பது ராஜாங்கத்துக்கும் ராணுவத்துக்கும் மட்டும் உரியதாக இருந்தது. இன்று ஜங்லிகாட்டில் மீன் கூடை தூக்குகிறவரின் செல்போனிலும் அது செலவு இல்லாமல் இருக்கிறது. கணக்கு மேதைகள் செய்து கொடுத்த நல்ல பூட்டு அது. சாவியை மட்டும் அவரவர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.